பவர் பத்திரம் எதுவரை?

"அப்பாவிடம் பவர் எழுதி வாங்கியாயிற்று, இனிக் கவலையில்லை" என்று சொல்லும் வணிக நண்பர்கள் நம்மில் பலர். முதலாளி நல்ல நினைவோடு இருக்கும் வரைதான் அந்தப் பத்திரத்துக்கு உயிர். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலும் சரி, புத்தி சுவாதீனம் இழந்தாலும் சரி, பொதுவாக அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. எந்த நாளுக்காக எழுதி வாங்கினோமோ, அந்த நாளிலேயே அது உதவாமல் போகிறது.

பெரியவர் பக்கவாதத்தில் நினைவு தப்பிப் படுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கடை, குடோன், நடப்புக் கணக்கு எல்லாம் அவர் பெயரில். மண்டிக்காரருக்குச் செக் போட ஆளில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவர் பணத்தையே எடுக்க வழியில்லை. அவருடைய சுயார்ஜித சொத்தில், அவர் உயிரோடு இருக்கும் வரை மனைவி மக்களுக்கு வாரிசு உரிமை பிறப்பதில்லை.

முன்பு 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ், மனநோய் கண்டவரின் சொத்தை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றமே ஆளை நியமிக்கலாம். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 மே மாதம் அமலானபோது பழைய சட்டம் நீங்கியது. சிகிச்சை உரிமைகளை நன்றாகவே சொல்லும் புதிய சட்டம், சொத்து நிர்வாகத்துக்கு அப்படியோர் ஏற்பாட்டைத் தரவில்லை. எனவே குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோடு நிற்கின்றன. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் கிடந்த ஒருவருக்கு அவர் மனைவியைக் காப்பாளராக நியமித்தது. சொத்தை விற்கவும் அனுமதித்தது. ஈரமுள்ள தீர்ப்பு. ஆனால் தேனியில் மளிகைக்கடை வைத்திருப்பவர் இதற்காக மதுரைக்கும் சென்னைக்கும் அலைய முடியுமா?

மாவட்ட நீதிமன்றத்திலேயே, குறித்த கெடுவுக்குள், கணக்குக் காட்டும் நிபந்தனையோடு காப்பாளரை நியமிக்க மத்திய அரசு சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று கோருகிறோம். நிபந்தனை அவசியம். பெரியவருக்கு மறதி வந்துவிட்டது என்று சொல்லிக் கல்லாவைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளும் நம் கடைவீதிகளில் உண்டு!

அதுவரை நாமே செய்துகொள்ளக் கூடியது, தனி முதலாளி கடையைப் பங்கு நிறுவனமாக மாற்றுவது. ஒரு பங்காளிக்கு நினைவு தவறினால் நிறுவனம் தானாகக் கலைந்துவிடாது. மற்றவர் வழக்குப் போட்டால்தான் நீதிமன்றம் கலைக்கலாம். தனித்தனியே கையெழுத்திடும் அதிகாரம் பத்திரத்திலும் வங்கியிலும் இருந்தால் கடை நடக்கும். புது பான் எண், புது ஜி.எஸ்.டி. பதிவு என்று ஆடிட்டர் செலவு உண்டுதான்.

உயிலையும் தள்ளிப்போடலாகாது. எழுதும் நேரத்தில் தெளிந்த புத்தி இருந்ததா என்பதில்தான் பாகப் பிரச்சினை வழக்குகள் சிக்குகின்றன. உயிலால் பயனடையும் மகனே முன்னின்று எழுத வைத்திருந்தால், சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு அவனுடையது என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே சொல்லிவிட்டது. சாட்சிகள் இருவர் தேவை. ஒருவராவது பின்னாளில் கோர்ட்டுக்கு வந்து சொல்லக்கூடிய இளவயதுக்காரராக இருக்கட்டும். குடும்ப டாக்டர் என்றால் இன்னும் நல்லது.