சேறு சில நாள், தார் முந்நூறு நாள்

பிக்-அப் வாங்கியவர் முதலில் மாற்ற நினைப்பது டயரைத்தான். கம்பெனி மாட்டிக் கொடுத்த டயர் மெலிந்து, வழவழவென்று, வண்டிக்கே பொருந்தாதது போலத் தோன்றும். பக்கத்து ஊர்க்காரரின் வண்டியில் முரட்டுக் கட்டைகளோடு கறுத்துப் பெருத்த டயரைப் பார்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கடைக்குப் போய் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சேற்றில் மாட்டாத டயர் எது?"

நியாயமான கேள்விதான். ஆனால் பாதிக் கேள்வி. மழையில் நனைந்த தார்ச்சாலையில் பிரேக் மிதித்தால் அந்த டயர் எங்கே நிற்கும் என்பது மீதிப் பாதி. அதைக் கேட்பவர்கள் குறைவு. உயிர் போவதோ பெரும்பாலும் அந்த இரண்டாவது பாதியில்.

சிம்லா மாவட்டத்தை எடுத்துக் கொள்வோம். இரட்டைக் கேபின் பிக்-அப் அங்கே ஆடம்பரமல்ல, குடும்பத்தில் ஒரு உறுப்பினர். ரோஹ்ரூ, கோட்கட், தியோக் பகுதிகளில் ஆப்பிள் சீசன் ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை நீள்கிறது. பருவமழையின் உக்கிரமும் அப்போதுதான். தோட்டத்திலிருந்து இணைப்புச் சாலை வரை வழுக்கும் மண் பாதை. பிறகு பெட்டிகளோடு நெடுஞ்சாலையில் மண்டிவரை இறக்கம். திரும்பும்போது வண்டி காலி. சீசன் முடிந்ததும் அதே வண்டிதான் பிள்ளைகளைப் பள்ளிக்கும், பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கும், எல்லோரையும் கல்யாணத்துக்கும் கொண்டு போகிறது. ஜனவரியில் நார்கண்டாவில் பனி.

மண் பாதை, சுமை, காலி வண்டி, பனி. ஒரே டயர் நான்கு வேலையும் பார்க்க வேண்டும். நான்கிலும் முதல் மதிப்பெண் வாங்கும் டயரை இதுவரை யாரும் செய்யவில்லை. எந்த வேலையில் எவ்வளவு மதிப்பெண்ணை இழக்கலாம் என்று முடிவு செய்வதே டயர் தேர்வு.

மூன்று வகை

கடையில் கிடைப்பவை மூன்று வகை. எச்.டி. எனப்படும் நெடுஞ்சாலை டயர்: நெருக்கமான பட்டைகள், குறைந்த சத்தம், நல்ல மைலேஜ். ஏ.டி. என்கிற அனைத்துத் தரை டயர்: சற்றே பெரிய கட்டைகள், நடுத்தர இடைவெளி. எம்.டி. என்கிற சேற்று டயர்: பெரிய கட்டைகள், அவற்றுக்கிடையே விரல் நுழையும் பள்ளங்கள்.

அந்தப் பள்ளங்களில்தான் சூட்சுமம் இருக்கிறது. சேற்றில் சக்கரம் சுழலும்போது பள்ளத்தில் சேறு நிறைகிறது. பள்ளம் அகலமாக இருந்தால், சுழலும் வேகத்தில் சேறு வெளியே வீசப்பட்டு, கட்டை மீண்டும் தரையைக் கடிக்கிறது. பள்ளம் குறுகலாக இருந்தால் சேறு அங்கேயே அப்பிக்கொள்ளும். அதன் பிறகு அது டயரல்ல, மண் உருளை.

தார்ச்சாலையில் கணக்குத் தலைகீழாகிறது. பிடிப்பைக் கொடுப்பது சாலையைத் தொடும் ரப்பர். பள்ளம் எதையும் தொடுவதில்லை. சாலையில் படிந்த மெல்லிய நீர்ப்படலத்தைக் கிழிப்பவை கட்டைகளின் மேல் வெட்டப்பட்ட மயிரிழைக் கீறல்கள். எச்.டி.யில் அவை ஏராளம், ஏ.டி.யில் ஓரளவு, எம்.டி.யில் சொற்பம். உயரமான கட்டைகள் பிரேக் மிதிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் நெளியவும் செய்கின்றன. சேற்றுக்கென்றே பிறந்த டயர் மழைச் சாலையில் தாமதமாக நிற்பதற்கு இவையே காரணம். சத்தமும் சீக்கிரத் தேய்மானமும் கூடுதல் டீசலும் தனிக் கணக்கு.

காலி வண்டியே ஆபத்து

சுமையோடு இறங்கும்போதுதான் பயப்பட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. சுமை ஏறிய வண்டியை நிறுத்த அதிக தூரம் வேண்டும். ஆனால் பிக்-அப்பின் குணம் வேறு: எஞ்சினும் கேபினும் முன்னால், பின்னால் வெறும் தொட்டி. காலியாக வரும்போது பின் சக்கரங்களை அழுத்த எடை இல்லை. நம் ஊர் பிக்-அப்களில் எஞ்சினின் சக்தி போவதும் அந்தப் பின் சக்கரங்களுக்குத்தான்.

மழை, இறக்கம், கொண்டை ஊசி வளைவு, காலித் தொட்டி, பின்னால் சேற்று டயர். இந்த ஐந்தும் சேரும்போது வண்டியின் பின்புறம் வெளியே விலகப் பார்க்கும். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும். இல்லாத பிடிப்பை உண்டாக்காது. 4×4 முன்னேறிச் செல்ல உதவும், நிற்பதற்கு உதவாது. நிற்க வைப்பது உள்ளங்கை அளவு ரப்பர் நான்கு மட்டுமே.

பக்கச் சுவரில் எழுதியிருப்பது

டயரின் முகத்தைப் பார்த்து வாங்குபவர்கள் அதன் பக்கச் சுவரைப் படிப்பதில்லை. பல பிக்-அப்களில் உள்ள 235/75 ஆர் 15 என்ற அளவையே பார்ப்போம். 235 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

அதை அடுத்து வரும் எண்தான் பிக்-அப்காரருக்கு முக்கியம். அது சுமைக் குறியீடு. 101 என்றால் ஒரு டயர் 825 கிலோ தாங்கும். 105 என்றால் 925. 109 என்றால் 1,030. கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியின் சொந்த எடை 1,700 கிலோ, ஆட்கள் 200 கிலோ, இருபது கிலோ ஆப்பிள் பெட்டிகள் ஐம்பது என்றால் 1,000 கிலோ. மொத்தம் 2,900. இதில் அறுபது சதவீதம் பின் அச்சில் விழுகிறது என்று வைத்தால் 1,740 கிலோ. ஒரு பின் டயருக்கு 870. குறியீடு 101 உள்ள டயர் எவ்வளவு முரட்டுத் தோற்றம் காட்டினாலும் இந்த வேலைக்கு லாயக்கில்லை. 105 தாங்கும். அதற்கு மேல் என்றால் நிம்மதி. கம்பெனி டயரில் இருந்ததைவிடக் குறைந்த குறியீட்டை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள்.

அளவுக்கு முன்னால் எல்.டி. என்று இருந்தால் அது இலகு ரக லாரிக்கான டயர்: கனமான கட்டமைப்பு, கூர்மையான கல்லுக்கு எளிதில் கிழியாத பக்கச் சுவர். அதே சுமையைச் சுமக்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். பழைய காற்றழுத்தத்தையே வைத்து ஓட்டினால், கூடுதல் பணம் கொடுத்துக் குறைந்த வலிமையை வாங்கியதாகும்.

கடைசியாக, நான்கு இலக்கத் தேதி. 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. குடோனில் பல வருடம் உறங்கிய டயரை "புதுசு" என்று தள்ளிவிடுவது நடக்காத காரியமல்ல.

பெரிதாக்கும் ஆசை

ஏ.டி.யா எம்.டி.யா என்பதைவிட விபரீதமான ஆசை, அளவைக் கூட்டுவது. மேலே சொன்ன 235/75 ஆர் 15 டயரின் உயரம் ஏறத்தாழ 734 மி.மீ. பலரும் ஆசைப்படும் 31 அங்குல டயரின் உயரம் 787 மி.மீ. வண்டியின் வயிறு இதனால் எவ்வளவு உயரும்? வித்தியாசத்தில் பாதி, அதாவது 27 மி.மீ. இரண்டு விரல் கூட முழுதாக இல்லை.

இதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். சுற்றளவு ஏழு சதவீதம் கூடுவதால், ஸ்பீடாமீட்டர் முன்பு சரியாகக் காட்டியிருந்தால், இனி அது 80 என்னும்போது வண்டி 86-ல் ஓடும். ஏற்றத்தில் கியர் திணறும். கனமான சக்கரத்தை நிறுத்த பிரேக் அதிகம் உழைக்கும். திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசலாம். பனிச் சங்கிலி மாட்ட இடம் இருக்காது. சட்டச் சிக்கலும் உண்டு: வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த மூல வடிவத்திலிருந்து மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டயரின் அளவும் சுமைத் திறனும் தயாரிப்பாளர் குறிப்பிட்டபடி இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயரிடம் விளக்கம் சொல்வது சுகமான அனுபவமாக இருக்காது.

எந்த மண்ணுக்கு எது?

சிம்லா, கின்னோர், குமாவோன் மலைகளில் தினசரி ஓடும் வண்டிக்கு கம்பெனி அளவிலேயே, போதிய சுமைக் குறியீடுள்ள ஏ.டி. போதும். ஸ்பிதி, லடாக் பாதைகளில் சேற்றைவிடக் கூர்கல்தான் எதிரி. அங்கே கட்டையைவிடப் பக்கச் சுவரின் வலிமையைப் பாருங்கள். எல்.டி. வகை ஏ.டி. பொருந்தும்.

மால்வா, விதர்பா பகுதிகளின் கரிசல் மண் வேறு ஜாதி. ஈரமானதும் பசையாக ஒட்டி, ஏ.டி.யின் பள்ளங்களை மூடிவிடும். மழைக்காலம் முழுக்க வயலுக்குள் போய்த்தான் ஆக வேண்டும் என்பவருக்கும், அருணாசலப் பிரதேசத்தில் தார் காணாத பாதையே தினசரிப் பாதை என்பவருக்கும் எம்.டி. வாங்க நியாயம் இருக்கிறது. அவர்கள் நெடுஞ்சாலையில் மழை பெய்தால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

ராஜஸ்தான் மணலில் எம்.டி. உதவுவதற்குப் பதில் குழி தோண்டும். மணலில் வேண்டியது பல்லல்ல, பரப்பு. காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி மணலின் மேல் மிதக்கும், எச்.டி. கூடப் போய்விடும்.

பனியில் எம்.டி. வீரம் காட்டும் என்பது பரவலான நம்பிக்கை. புதுப்பனியில் ஓரளவு சரி. ஓட்டி அழுந்தி இறுகிய பனியிலும் உறைந்த நீரிலும் கீறல் குறைந்த, குளிரில் விறைக்கும் கட்டைகள் வழுக்கும். பக்கச் சுவரில் மூன்று மலைச் சிகரமும் நடுவே பனிப்பூவும் பொறித்திருந்தால் அந்த டயர் பனியில் சோதிக்கப்பட்டது என்று பொருள். வெறும் எம்.எஸ். எழுத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. எதுவானாலும் உறைந்த ஏற்றத்துக்குச் சங்கிலிதான் பதில். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு குளிர்காலத்திலும் லாஹூல் போகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். பனி விழுந்தால் 4×4 வண்டிகளையும் சங்கிலி மாட்டியவற்றையும் மட்டுமே போலீசார் அனுமதிப்பது வழக்கம்.

காற்று என்ற மலிவு மருந்து

டயருக்குச் செலவிடத் தயாராக இருப்பவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். பிக்-அப்புக்குக் காலியாக ஓட ஒரு அழுத்தம், சுமையோடு ஓட வேறு அழுத்தம். கையேட்டில் இரண்டும் இருக்கும். சுமைக்கு ஏற்ற காற்றோடு வருடம் முழுக்கக் காலி வண்டி ஓட்டினால் பின்புறம் துள்ளும், டயர் நடுவில் தேயும். காலி அழுத்தத்தில் சுமை ஏற்றினால் பக்கச் சுவர் சூடாகி, வெயில் நாளில் வெடிக்கும். சேற்றிலோ மணலிலோ சிக்கினால் மெதுவாக ஓட்டும்வரை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கலாம், தார் ஏறுமுன் திரும்ப அடித்துவிட வேண்டும். ஒரு அழுத்தமானியும் பேட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரசரும் இருந்தால் சாதாரண ஏ.டி. பாதி எம்.டி. ஆகிவிடும்.

வாங்கும்போது

எம்.ஆர்.எஃப். வாண்டரர், அப்போலோ அப்டெரா, ஜே.கே. ரேஞ்சர், சியட் கிராஸ்டிரைவ், யோகோஹாமா ஜியோலேண்டர் என்று கடையில் பெயர்கள் நிறைய. பெயரைச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள்: சில குடும்பங்களில் ஒரே பெயரில் எச்.டி.யும் உண்டு, ஏ.டி.யும் உண்டு. 2020 ஜூனில் டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியதிலிருந்து சில வெளிநாட்டு அளவுகள் நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. ஒன்று கிழிந்தால் அதே டயர் மறுபடி கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். 2025 செப்டம்பரில் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அந்த மிச்சத்தை ஐந்தாவது டயருக்கு ஒதுக்கலாம்.

ஆம், ஐந்து. ஸ்டெப்னி வேறு அளவில் இருந்தால், மழை இரவில் அதை மாட்டியதும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். 4×4 போட்டால் உயரம் வேறுபட்ட சக்கரங்கள் கியர்பெட்டியை முறுக்கும். முன்னால் பட்டை, பின்னால் கட்டை என்ற பழைய லாரி வழக்கத்தை, குடும்பத்தை ஏற்றும் வண்டியில் தொடர வேண்டாம். பத்தாயிரம் கிலோமீட்டருக்குள் ஒரு முறை இடம் மாற்றி மாட்டுங்கள். சட்டம் கேட்பது 1.6 மி.மீ. கட்டை ஆழம், சேறும் மழையும் உள்ள ஊரில் அந்த அளவு வரும்வரை காத்திருப்பது சேமிப்பல்ல.

கடைக்குப் போகுமுன் ஒரு மாதம் கணக்கு எழுதுங்கள்: தாரில் எத்தனை கிலோமீட்டர், மண்ணில் எத்தனை, சேற்றில் எத்தனை, எத்தனை நாள் சுமை, எத்தனை நாள் வண்டியில் குழந்தைகள். பெரும்பாலோருக்கு அந்தத் தாளே பதில் சொல்லிவிடும். சேற்றில் மாட்டினால் அரை நாள் வீண். டிராக்டர்காரருக்குக் கொஞ்சம் பணம். ஈரச் சாலையில் நிற்காமல் போனால் எதைக் கொடுத்தும் ஈடு செய்ய முடியாது.