மேடு ஏறும் வண்டியில் மூட்டை ஏற்றலாமா?

பிளஸ்-2 தேறியாகிவிட்டது. கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. வீட்டில் ஒரே சந்தோஷம்!

அந்தச் சந்தோஷத்தில் பல வீடுகளில் ஒரு தவறும் நடந்துவிடுகிறது.

"காலை ஷிப்ட் கல்லூரி பாதி நாள்தானே? மீதி நேரம் பையன் சும்மாதானே இருப்பான்?" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உடனே தகப்பனார் அவனை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்க்கிறார். கம்ப்யூட்டர் வகுப்புக்கு மாமா பணம் கட்டுகிறார். "குரூப்-4 பரீட்சைக்கு இப்போதே தயாராகு" என்கிறார் சித்தப்பா.

எல்லாரும் நல்லதைத்தான் நினைக்கிறார்கள். ஆனால், சுமக்கப் போகிறவன் பையன் ஒருவன்தான்!

கணக்குப் போடுங்கள்

ஒரு நாளைக்கு 24 மணி நேரம். தூக்கம் 7 மணி. வகுப்பு 5 மணி. கிராமத்தில் இருந்து டவுனுக்கு பஸ்சில் போக வர 3 மணி. குளிக்க, சாப்பிட, மற்ற காரியங்களுக்கு 3 மணி. ஆக, 18 மணி போய்விட்டது. மீதி 6.

டைப்ரைட்டிங் 1, கம்ப்யூட்டர் 1, குரூப்-4 பயிற்சி 2, அப்பாவின் கடையில் 2. அந்த ஆறும் போய்விட்டது!

கல்லூரிப் பாடத்தைப் படிக்க நேரம் எங்கே?

முதல் செமஸ்டர் லேசா?

கலைக் கல்லூரியில் தமிழ் உண்டு, ஆங்கிலம் உண்டு, முக்கிய பாடம் உண்டு, அதற்குத் துணைப் பாடம் உண்டு, சில சிறு தாள்களும் உண்டு. எல்லாம் சேர்த்தால் ஆறு, ஏழு தாள் வந்துவிடும்.

பள்ளியில் தமிழில் படித்தவனுக்கு இங்கே பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். ஒரு பக்கத்தைப் படிக்கவே அரை மணி ஆகலாம். அது அவன் குற்றம் அல்ல. புது வழி, பழக நாள் வேண்டும்.

பள்ளியில் ஆண்டுக் கடைசியில்தான் பெரிய பரீட்சை. கல்லூரியில் அப்படி இல்லை. ஜூன், ஜூலையில் சேர்ந்தால் நவம்பரில் பரீட்சை வந்துவிடும். அதற்கு முன்பே வகுப்புத் தேர்வுகள். பல கல்லூரிகளில் 100 மார்க்கில் 25 மார்க்கை இப்படிக் கல்லூரியே போடுகிறது. முதல் மாதம் தூங்கினால் அந்த மார்க் போய்விடும்.

வருகைப் பதிவும் முக்கியம். செமஸ்டருக்கு 90 நாள் என்றால், 75 சதவிகிதத்துக்கு 68 நாள் வகுப்பில் இருக்க வேண்டும்.

நவம்பரில் இரண்டு தாள் போனால், அடுத்த செமஸ்டரில் ஆறு தாள் எட்டாகிவிடும். அரியர் வட்டிக் கடன் மாதிரி. அடைக்காவிட்டால் ஏறிக்கொண்டே போகும். "எனக்குப் படிப்பு வராது" என்று பையன் கல்லூரியை விட்டு நிற்பதும் இப்படித்தான்.

என்ன செய்யலாம்?

முதல் வகுப்புத் தேர்வு முடியும் வரை வேறு வகுப்பு எதுவும் வேண்டாம். மார்க்கைப் பாருங்கள். நன்றாக இருந்தால் ஒன்றே ஒன்றைச் சேர்க்கலாம். டைப்ரைட்டிங் அடுத்த செமஸ்டரிலும் கற்கலாம். குரூப்-4 பரீட்சை ஓடிப் போகாது.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் அனுமதி அளித்தது. அனுமதி இருக்கிறது என்பதற்காக முதல் ஆறு மாதத்திலேயே தொடங்க வேண்டுமா? ஒன்றில் கால் ஊன்றிய பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

விருப்பப் பாடம் எடுக்கும் போது, "நண்பன் எடுத்தான், நானும் எடுத்தேன்" என்பது கூடாது. மற்ற பாடங்கள் கடினமாக இருந்தால், ஓரளவு தெரிந்த ஒன்றை எடுப்பதே புத்திசாலித்தனம்.

தினமும் வீட்டில் இரண்டு மணி நேரம் பாடத்துக்கு என்று ஒதுக்க வேண்டும். கல்யாணம், காது குத்து என்று அதைத் தட்டிப் பறிக்கக் கூடாது.

கூலிக்குப் போகும் பையன்

"எங்கள் பையன் சம்பாதித்தால்தான் அடுப்பு எரியும்" என்கிற வீடும் உண்டு. அங்கே வேலையை விடு என்று சொல்வது நியாயம் ஆகாது. அந்தப் பையன் வேலையை வைத்துக்கொள்ளட்டும். மற்ற எல்லாவற்றையும் விடட்டும். வேலைக்கு ஒத்து வரும் ஷிப்ட் கிடைக்குமா என்று சேரும் போதே கேட்க வேண்டும். தன் நிலையை வகுப்பு ஆசிரியரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

பெண்ணுக்கும் ஒரு வார்த்தை. கல்லூரி விட்டு வந்ததும் தண்ணீர் எடுக்க, சமைக்க, பாத்திரம் கழுவ என்று அவள் தலையிலேயே எல்லாம் விழுகிறது. அதையும் கணக்கில் சேருங்கள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ஒரு வேலையைச் செய்தால், அவளுக்கும் படிக்க இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

வண்டி மேடு ஏறும் போது எந்த வண்டிக்காரரும் மூட்டை ஏற்ற மாட்டார். பின்னால் நின்று தள்ளிவிடத்தான் ஆள் கூப்பிடுவார்.

முதல் ஆறு மாதம் மேடு. பெற்றோர்களே, தள்ளிவிடுங்கள். மேடு ஏறிய பிறகு மூட்டையை ஏற்றிக்கொள்ளலாம்!