பழைய படகும் புதிய தூண்டிலும்

கொல்லிமலையிலிருந்து இருபத்து மூன்று வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் 'பாஸ்' என்னும் மீனைப் படகில் சென்று தூண்டிலிட்டுப் பிடிக்கும் காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து அவருக்கும் அந்த ஆசை பிறந்துவிட்டதாம். ஒருவர் சில காலம் பயன்படுத்திய பைபர் பரிசல் ஒன்று மலிவாக விலைக்கு வருகிறது. வாங்கலாமா, எங்கே, எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார். கடிதத்தின் அடியில் அவருடைய தாயார் தம் கைப்பட ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "இவனுக்கு நீச்சல் தெரியாது. தாங்கள் எடுத்துச் சொல்லுங்கள்."

எனவே தம்பி, முதலில் நீச்சல், பிறகு கரை, அதன் பிறகே படகு. இந்த வரிசையை மாற்றாதிருக்க இயலுமானால் மேலே படியுங்கள்.

தாங்கள் பார்த்த பாஸ் மீன் வட அமெரிக்காவின் நன்னீர் மீன். பெரிய வாயை உடையது. பாசிக்கும் மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைக்கும் நடுவே மறைந்திருந்து, கடந்து செல்லும் இரையைப் பாய்ந்து பிடிக்கும். அதைப் பிடிப்பதற்கென்றே அந்நாட்டில் விசைப்படகுகளும், நூறு வகைப் போலி இரைகளும் விற்பனையாகின்றன. ஆனால் அம்மீனுக்குரிய உலகச் சாதனையின் கதை வேறு. 1932 ஜூன் 2 அன்று, ஜார்ஜியா மாநிலத்தில், நிலம் ஈரமாயிருந்ததால் உழவுக்குச் செல்ல இயலாத ஜார்ஜ் பெரி என்ற ஏழை விவசாய இளைஞர், வீட்டிலேயே செய்த ஒரு படகில் நண்பருடன் மீன்பிடிக்கச் சென்றார். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு போலி இரைதான். அதில் சிக்கிய மீனின் எடை 22 ராத்தல் 4 அவுன்ஸ், அதாவது பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். எடையைப் பதிவு செய்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டு சென்று சமைத்து உண்டார்கள். அந்த எடையை எட்டிப் பிடிக்க இன்னொருவருக்கு 2009 ஜூலை வரை ஆயிற்று. அவர் ஜப்பானின் பிவா ஏரியில் மீன்பிடித்த மனாபு குரிதா.

ஜப்பானுக்கு அந்த மீன் எப்படிச் சென்றது? 1925-இல் ஆஷி ஏரியில் கொண்டுவந்து விட்டார்கள். பின்னர் அது நாடெங்கும் பரவி உள்ளூர்ச் சிறு மீன்களைத் தின்று தீர்த்தது. பிடித்த பாஸ் மீனைத் திரும்ப பிவா ஏரியில் விடக் கூடாது என்று 2003-இல் அம்மாநிலத்தில் விதியே செய்ய வேண்டியதாயிற்று. நம் குளங்களில் 1952-க்குப் பிறகு ஜிலேபிக் கெண்டை என்ன செய்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஆகையால் பாஸ் நம்மிடம் இல்லையே என்று ஏங்க வேண்டாம்.

அதன் வேலையை நம்மூரில் விரால் செய்கிறது. அதே பாசி, அதே பதுங்கல், அதே பாய்ச்சல். விராலுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. செவுளோடு காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் பெற்றிருப்பதால், அவ்வப்போது நீரின் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்கிச் செல்லும். குளம் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து சில காலம் உயிர் தாங்கும். மூச்சு வாங்க மேலே வரும் அந்த ஒரு நொடிதான் தூண்டில்காரருக்குக் கிடைக்கும் தகவல். நீரில் வளையம் எழுந்த இடத்திலேயே இரையை வீசாமல், சற்று அப்பால் வீசி, வளையத்தை நோக்கி மெல்ல இழுத்து வர வேண்டும். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய எச்.எஸ். தாமஸ் என்ற ஆங்கில அதிகாரி 1873-இல் ஆற்றுத் தூண்டிலைப் பற்றியும் 1887-இல் குளத்துத் தூண்டிலைப் பற்றியும் தனித்தனி நூல்கள் எழுதினார். அவருக்கு முன்பே நம் கிராமத்துச் சிறுவர்கள் மூங்கில் கழியோடு இதையெல்லாம் அறிந்திருந்தார்கள். எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி எங்கே என்ற கேள்வி. மலைமேல் தங்களுக்கு வாய்ப்புக் குறைவு. ஐயாறு ஆழமற்று, பாறையில் தாவி, ஆகாய கங்கையாக விழுந்து புளியஞ்சோலைப் பக்கம் இறங்கிவிடுகிறது. அதில் பரிசலுக்கு வேலையில்லை. அறப்பளீஸ்வரர் கோயிலருகே ஆற்று மீன்களுக்குப் பக்தர்கள் உணவிடுவது வழக்கம், அவற்றைப் பிடிப்பதில்லை. அண்டை வீட்டார் போற்றுவதை நாமும் மதித்து அங்கே தூண்டிலை எடுக்காதிருப்பதே முறை. வாசலூர்ப்பட்டிப் படகு இல்லமோ உல்லாசச் சவாரிக்கானது. ஆகவே எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து காரவள்ளிக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். மலையில் நல்ல மழை பெய்த ஆண்டில் தூசூர், பழையபாளையம் முதலிய ஏரிகளில் நீர் நிற்கும். ஏரிகளின் மீன் பாசி குத்தகைக்கு விடப்படுவதுண்டு. குத்தகைதாரரைக் கண்டு அனுமதி பெற்ற பிறகே கழியைப் பிரியுங்கள். ஒரு மீன்தானே என்று நமக்குத் தோன்றும். குஞ்சு வாங்கி விட்டவருக்கு அப்படித் தோன்றாது.

முதல் மூன்று மாதங்கள் கரையிலிருந்தே பழகுங்கள். பஜ்ருத் தொழுகை முடித்துப் புறப்பட்டால் நேரம் சரியாயிருக்கும்; வெயில் ஏறிய பின் விரால் நிழலுக்குள் போய்விடும். மண்புழு, தக்கை, தங்கூசி, சிறிய முள், ஓர் ஈயக்குண்டு ஆகியவற்றோடு கெண்டையும் ஜிலேபியும் பிடித்துக் கை பழகட்டும். பிறகு ரப்பர் தவளைக்கு வாருங்கள். பாசியின் மேல் அது தத்தி வரும்போது விரால் 'தபால்' என்று அறையும். உடனே சுண்டினால் வாயிலிருந்து இரை வெளியே வந்துவிடும். ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணிவிட்டுச் சுண்டுங்கள். எல்லாருக்கும் கடினமாக இருப்பது அந்த இரண்டு எண்ணிக்கைதான்.

இப்போது பரிசல். விற்பவரிடம் விலையைக் கேட்கும் முன் ஏன் விற்கிறார் என்று கேளுங்கள். கவிழ்த்துப் போட்டு அடிப்புறத்தைப் பாருங்கள்; உராய்ந்து உராய்ந்து நார் வெளியே தெரிகிறதா, வேறு நிறத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தால் ஓசை ஓரிடத்தில் மந்தமாகும். உள்ளே அடுக்குப் பிரிந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். முழங்கால் ஆழ நீரில் இறக்கி, இரண்டு ஆள் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, ஓர் இரவு விட்டு வையுங்கள். காலையில் எங்கே ஈரம் என்பதைப் பரிசலே காட்டிவிடும். மூங்கில் பரிசலாயின் விளிம்புக் கட்டுகளையும், பூச்சி அரித்த இடங்களையும், தார்ப் பூச்சின் வெடிப்புகளையும் ஆணியால் குத்திப் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் விற்பவர் இணங்காவிட்டால் அந்தப் பரிசலை விட்டுவிடுங்கள். மலிவு என்பது கரையேறி வந்தவர்கள் சொல்லும் சொல்.

பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பக்கவாட்டில் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே சுழலும். முன்புறம் துடுப்பை நீட்டி நீரைத் தம்பால் இழுக்க வேண்டும். பெரிய மீன் மாட்டினால் ஆர்வத்தில் எழுந்து நிற்பது புதியவர் இயல்பு. எழுந்து நின்றால் கவிழும். கைலி கட்டிக்கொண்டு ஏறாதீர்கள். நீரில் விழுந்தால் கால்களைச் சுற்றிக்கொள்ளும். படகு பழையதாயிருக்கலாம், லைஃப் ஜாக்கெட் புதியதாயிருக்கட்டும். அதை இருக்கைக்கு அடியில் அல்ல, உடம்பில் அணிந்திருக்க வேண்டும். தனியாகப் போகவே கூடாது.

காவிரிக்கு, ஜேடர்பாளையம் பக்கம், பரிசலைக் கொண்டு போகும் எண்ணமும் இருக்குமே! அதற்கு இன்னும் காலம் ஆகட்டும். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைக்குக் கீழே, செக்கானூர் முதல் பாசூர் வரை ஏழு கதவணை மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் முப்பது மெகாவாட். கதவணைக்கு மேலே நீர் கண்ணாடி போல் அசையாதிருக்கும். கீழேயோ, வானத்தில் ஒரு மேகமும் இல்லாத நாளில், கதவு திறந்ததால் நீர் ஏறும். டெல்டாப் பாசனத்துக்கு மேட்டூர் திறக்கப்படும் வழக்கமான நாள் ஜூன் 12. பள்ளி விடுமுறை முடிந்து இளைஞர்கள் ஆற்றில் திரியும் காலமும் ஏறத்தாழ அதுதான். சற்றுமுன் உலர்ந்திருந்த பாறை நனைந்திருந்தால், மீன் கடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் கரையேறிவிடுங்கள்.

எத்தனை மீன் பிடிக்கலாம்? வீட்டார் உண்ணும் அளவு. அதற்கு மேல், விளையாட்டுக்காக ஓர் உயிரை முள்ளில் மாட்டி இழுத்து மகிழ்வது நமக்கு ஒவ்வாதது; மீனை அறுக்காமலே உண்ணலாம் என்ற சலுகை அதைத் துன்புறுத்துவதற்கான அனுமதியன்று. வெடியும் நஞ்சும் போட்டு மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே தடுக்கிறது. அவ்வாறு செய்பவரோடு சேர்ந்து போகாதீர்கள்.

மழைக்காலத்தில் ஒரு காட்சி காண்பீர்கள். நீரின் மேல் செம்மஞ்சள் நிறத்தில் கையகல மேகம் போல் ஒரு கூட்டம் மேலே வந்து, பொரிந்து, மீண்டும் அமிழும். அவை விரால் குஞ்சுகள். தாயும் தந்தையும் சற்றுக் கீழே காவல் நிற்கின்றன. அங்கே தவளையை வீசினால் தவறாமல் அறையும். பசியால் அல்ல, குஞ்சுக்கு ஆபத்து என்று எண்ணி. ஆகவே அனுபவமற்றவருக்கும் அன்று பெரிய மீன் கிடைத்துவிடும். காவல் போன பின் அந்தச் செம்மஞ்சள் மேகத்தைக் கெளுத்தியும் கொக்கும் மாலைக்குள் முடித்துவிடும். குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் நரம்பைச் சுற்றிக்கொண்டு, துடுப்பை ஓசைப்படாமல் போட்டு, குளத்தின் மறுபக்கம் செல்லுங்கள்.