'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க': யார், எதை, எவ்வளவு நாள்?

ஆத்தூரிலிருந்து கெங்கவல்லி வழியாகத் தம்மம்பட்டி போகும் பஸ். மூணு பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்கார வருகிறார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." யாரும் அர்த்தம் கேட்பதில்லை. நகர்ந்து இடம் விடுகிறார்கள்.

அதே ஊரில் சில்லறை இல்லாத கடைக்காரரும் இதையே சொல்கிறார். புகுந்த வீட்டில் கஷ்டப்படும் மகளிடம் அம்மாவும் இதையே சொல்கிறார். இங்கிலீஷிலிருந்து வந்த இந்த ஒரு வினைச்சொல் தமிழ்நாட்டில் எத்தனை வேலை பார்க்கிறது?

இங்கிலீஷில் என்ன அர்த்தம்?

'பக்கத்தில்' என்று பொருள்படும் 'யுக்ஸ்டா' என்ற லத்தீன் சொல்தான் வேர். பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. இடையில் 'நியாயமான' என்று பொருள்படும் 'யுஸ்டுஸ்' என்ற சொல்லின் சாயலும் இதில் படிந்தது.

இன்றைய இங்கிலீஷில் இதற்கு முக்கியமாக இரண்டு பயன்பாடுகள். ஒன்று, ஒரு பொருளைச் சரிசெய்வது: பைக் கண்ணாடி, சேர் உயரம், கணக்கில் ஒரு தொகை. இரண்டு, புதுச் சூழலுக்குப் பழகிக்கொள்வது: புது ஊர், புது வேலை. இன்ஷூரன்ஸில் நஷ்டத்தைக் கணக்கிட்டு இழப்பீட்டை முடிவு செய்யும் அதிகாரியையும் பல நாடுகளில் 'அட்ஜஸ்டர்' என்பார்கள்.

"தயவுசெய்து அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்று இன்னொரு மனிதரிடம் கேட்பது பெரும்பாலும் நம் ஊர் இங்கிலீஷ். இதை அப்படியே வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு மெயிலில் எழுதினால், "எதை?" என்று பதில் வரலாம். அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

தமிழில் என்ன ஆச்சு?

நம்மிடம் இதற்கு ஒரு சொல் அல்ல, பல சொற்கள் இருக்கின்றன. எல்லாவற்றின் இடத்திலும் 'அட்ஜஸ்ட்' வந்து உட்கார்ந்துவிட்டது.

• பஸ்ஸில்: தள்ளி உட்காருங்க.
• கடையில்: மீதியை அடுத்த தடவை கழிச்சுக்கிறேன்.
• ஆபீஸில்: ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வாங்க.
• சான்றிதழ் வாங்கப் போன இடத்தில்: கவனிச்சுட்டுப் போங்க.
• கல்யாணமான பெண்ணிடம்: பொறுத்துப் போ.

தமிழில் சொன்னால், யார் என்ன செய்ய வேண்டும் என்பது பளிச்சென்று தெரியும். 'அட்ஜஸ்ட்' என்று சொன்னால் அது மறைந்துவிடும். கேட்பவருக்குக் கூச்சம் இல்லை. மறுப்பவர்தான் கெட்டவர் ஆகிறார்.

இலக்கணத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. "கண்ணாடியை அட்ஜஸ்ட் பண்ணு" என்றால் மாறுவது கண்ணாடி. 'கண்ணாடியை' என்பதை எடுத்துவிட்டு, 'கொள்' என்ற துணைவினையைச் சேர்த்து, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றால்? மாற வேண்டியது கேட்டுக்கொண்டிருக்கும் ஆள்தான். பிரச்சினை இருந்த இடத்திலேயே இருக்கும்.

அட்வான்ஸும் 'அட்ஜஸ்ட்'டும்

நாமக்கல் மாவட்டத்தின் பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிப் பகுதிகளில் தொழிலாளிக்கு முன்பணம் கொடுத்து வேலைக்கு வைப்பது தெரிந்த வழக்கம். "கூலியில அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்பது கேட்க உதவி மாதிரி இருக்கும். மாதம் எவ்வளவு கழியும், எப்போது முடியும் என்று பேசி எழுதினால் அது உதவிதான். கடன் தீரும்வரை வேறு இடத்துக்குப் போகக் கூடாது என்று கட்டிப்போட்டால், அது கொத்தடிமை. 1976-ம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி அப்படிப்பட்ட கடனைத் திருப்பித் தர வேண்டியதே இல்லை.

சினிமாவில்...

இந்தச் சொல்லின் மோசமான பொருள் அரசு ஆவணத்திலேயே பதிவாகியிருக்கிறது. மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய 2017-ல் கேரள அரசு நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைத்தது. நடிகை சாரதாவும் அதில் உறுப்பினர். 2019 டிசம்பரில் கொடுத்த அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்' என்ற இரண்டு சொற்களும் அங்குள்ள பெண்களுக்கு நன்கு பழக்கமானவை என்கிறது அந்த அறிக்கை. வாய்ப்பு வேண்டுமென்றால் பாலியல் இணக்கம் வேண்டும் என்பதுதான் இரண்டுக்கும் அர்த்தம்.

நேரடியாகக் கேட்டால் குற்றம் என்று தெரிந்துதான் இப்படி ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிகிறார்கள். ஆனால், சட்டம் சொல்லைப் பார்த்து ஏமாறாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டத்தில், வேலையில் சலுகை தருவதாகவோ பாதிப்பு வரும் என்றோ மறைமுகமாக உணர்த்துவதும் அடங்கும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார் விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும்.

அப்போ இந்தச் சொல்லே வேண்டாமா?

அப்படி இல்லை. கூட்டமான பஸ்ஸில், சின்ன வீட்டில், ஒரே ரூமில் தங்கும் நண்பர்களிடையே விட்டுக்கொடுக்காமல் வாழ முடியாது. இன்று நகர்ந்து உட்கார்ந்தவருக்கு நாளை இன்னொருவர் நகர்வார். அங்கே இது நல்ல சொல்.

ஒரே ஆள் மட்டும் எப்போதும் நகர்ந்துகொண்டே இருந்தால்தான் சிக்கல். சேலத்து பஸ் ஸ்டாண்டில் நிற்பவரும் சென்னை ஐடி கம்பெனியில் இருப்பவரும் அடுத்த முறை இந்த வார்த்தையைக் கேட்டால், நாலு கேள்வி கேட்கலாம். யார்? எதை? எத்தனை நாளைக்கு? பதிலுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?

பஸ்ஸில் இடம் கேட்டவர் நாலுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடுவார். மூணு மாசமாக ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லும் மேனேஜரிடம் இரண்டாவது கேள்வியிலேயே பேச்சு மாறும். குடும்பத்தில் அடி உதையை 'அட்ஜஸ்ட்' பண்ணச் சொன்னால் கேள்விகூட வேண்டாம். மகளிர் உதவி எண் 181 இருக்கிறது.