பெட்டி யாருடையது?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

வீடியோ விளையாட்டைப் பற்றிக் கல்லூரி ஆண்டு மலரில் எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் நகைத்தனர். திரைப்படத்தைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் ஆண்டுதோறும் எழுதுகிறோம். நம் விடுதி அறைகளில் பாதி இரவை விழுங்குகின்ற ஒன்றைப் பற்றி மட்டும் ஏன் எழுதக்கூடாது? அதிலும் நான் எழுத வந்தது வீரனைப் பற்றியோ அரக்கனைப் பற்றியோ அன்று. மூலையில் கிடக்கும் மரப்பெட்டியைப் பற்றி.

சென்ற ஆண்டு விடுதி நண்பர் ஒருவர் தம் பழைய கணிப்பொறியில் 'ஹாஃப் லைஃப் 2' என்னும் விளையாட்டை எனக்கு ஆடக் கொடுத்தார். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2004-இல் வெளியிட்டது அது. அதன் கதைத்தலைவர் கார்டன் ஃப்ரீமேன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்று கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆடத் தொடங்கினேன். வழியெங்கும் மரப்பெட்டிகள். நான் ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டே நடந்தேன். பின்னால் நின்ற நால்வரும் வயிறு வலிக்கச் சிரித்தனர். "டேய், உடைடா! உள்ளே மருந்து இருக்கும், தோட்டா இருக்கும்!" என்றார் ஒருவர். உடைக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் காய்கறிச் சந்தையில் சுமை இறக்குபவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சந்தையில் பெட்டிக்குக் கணக்கு உண்டு. வந்தது எத்தனை, திரும்பியது எத்தனை என்று மண்டியில் எழுதி வைப்பார்கள். இறக்கும்போது ஒன்று உடைந்தால் அன்றைய கூலியில் பிடித்துக்கொள்வார்கள். இப்போது பிளாஸ்டிக் பெட்டிகளே மிகுதி; ஆயினும் மரப்பெட்டி இன்னும் ஒழியவில்லை. விடுமுறை நாள்களில் கழன்ற பலகைகளுக்கு அப்பாவோடு அமர்ந்து நானும் ஆணி அடித்திருக்கிறேன். சிறுவயதில் காலிப் பெட்டியின்மேல் ஏறிக் குதித்ததற்காக ஒரு நாள் அவர் என்னை அடித்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். இப்படி வளர்ந்தவன் கையில் எவ்வளவு நல்ல ஆயுதத்தைக் கொடுத்தாலும் பெட்டியை உடைக்க மனம் வருமா?

பிறகு பழகிவிட்டேன். பொய் சொல்வானேன், உடைப்பதில் இன்பமும் கண்டேன்! இந்தப் பெட்டி விளையாட்டுகளுக்குள் எப்படிப் புகுந்தது என்று அதன்பின் தேடிப் படிக்கலானேன்.

1982-இல் ஜப்பானில் 'சோகோபான்' என்றொரு விளையாட்டு வெளிவந்தது. அச்சொல்லுக்குக் கிடங்குக் காவலர் என்பது பொருள். அதில் பெட்டியைத் தள்ளலாம்; இழுக்க முடியாது; உடைக்கவும் முடியாது. தவறான மூலைக்குத் தள்ளிவிட்டால் அவ்வளவுதான், முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் சந்தையின் நியாயம் இதில் அப்படியே இருக்கிறது. ஆனால் பின்னர் வந்தவை வேறு வழியில் சென்றன. 1989-இல் காப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ஃபைனல் ஃபைட்' விளையாட்டில் தெருவோரப் பீப்பாயை அடித்து நொறுக்கினால் உள்ளிருந்து சுட்ட இறைச்சி வரும். அதை உண்டால் இழந்த உயிர்வலிமை திரும்பும். பீப்பாய்க்குள் சுட்ட இறைச்சியை வைத்தது யார், அது எத்தனை நாள் பழையது என்றெல்லாம் கேட்கக் கூடாது.

1996-இல் வந்த 'கிராஷ் பாண்டிகூட்' விளையாட்டின் கதை இன்னும் சுவையானது. அதை ஆக்கிய நாட்டி டாக் குழுவினருக்கு ஓர் இடர் இருந்தது. கணிப்பொறித் திரையில் முப்பரிமாணப் பொருள்கள் எல்லாம் சிறு முக்கோணங்களால் கட்டப்படுகின்றன. அன்றைய பிளேஸ்டேஷன் கருவியால் ஒரு நேரத்தில் ஓரளவு முக்கோணங்களையே வரைய முடிந்தது. ஆகவே எதிரிகளை நிறைய வைக்க வழியில்லை. வழிகள் வெறிச்சோடிக் கிடந்தன. அந்த வெறுமையை நிரப்ப வந்தவைதான் பெட்டிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பெட்டிக்கு ஆறு முகங்கள், முகத்திற்கு இரண்டு முக்கோணங்கள், ஆக மொத்தம் பன்னிரண்டே முக்கோணங்கள். ஆறு முகங்களுக்கும் ஒரே பலகைப் படத்தை ஒட்டிவிடலாம். ஆட்டக்காரர் பெட்டியில் மோதுகிறாரா என்று கணக்கிடுவதும் எளிது. ஏழைக் கருவிக்கு ஏற்ற எளிய பொருள்! உடைப்பதிலும் சிக்கனம் உண்டு. பல விளையாட்டுகளில் பெட்டி உண்மையில் உடைவதே இல்லை. முழுப் பெட்டியை நீக்கிவிட்டு, முன்பே செய்து வைத்த பலகைத் துண்டுகளை அதே இடத்தில் போட்டுவிடுகிறார்கள். சிறிது நேரத்தில் துண்டுகளும் மறைந்துவிடும். பெருக்க ஆள் வேண்டாம்.

இந்தப் பழக்கத்தைக் கேலி செய்தவர்களும் உண்டு. 2000-இல் 'ஓல்டு மேன் மர்ரி' என்ற இணைய இதழினர், ஒரு விளையாட்டு தொடங்கி எத்தனை வினாடியில் முதல் பெட்டியோ பீப்பாயோ தென்படுகிறது என்று அளந்து, அதைக் கொண்டே விளையாட்டுகளைத் தரம் பிரித்தனர். பெட்டி தென்படும் கணமே படைத்தவரின் கற்பனை தீர்ந்துபோன கணம் என்பது அவர்கள் கட்சி. படித்துச் சிரித்தேன், ஆனால் உடன்படவில்லை. கையில் குறைவான பொருளை வைத்துக்கொண்டு நிறைவாகச் செய்தவரைச் சோம்பேறி என்பது எவ்வாறு பொருந்தும்? எனக்கு உள்ள வழக்கு வேறு.

ஃப்ரீமேனின் கையில் இருக்கும் ஆயுதத்தைப் பாருங்கள். முனை வளைந்த இரும்புக் கம்பி அது. அப்படி ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதைப் பலகை இடுக்கில் கொடுத்து நெம்பினால் ஆணி முழுதாக வெளியே வரும், பலகை பிளக்காது, ஆணியைத் தட்டி நிமிர்த்தி மீண்டும் அடிக்கலாம். பெட்டியை உடைக்காமல் திறப்பதற்கென்றே மனிதன் கண்ட கருவி! நெம்புகோல் தத்துவத்தை நமக்குப் பாடம் நடத்தும் தகுதியுள்ள ஓர் இயற்பியல் முனைவர், அதைத் தடி போலப் பிடித்து ஓங்கி அடிக்கிறார். அதே விளையாட்டில் மரப்பெட்டி தண்ணீரில் மிதக்கிறது. மிதப்பு விதியை அவ்வளவு மதித்துச் செய்தவர்கள் கம்பியின் பயனை மறந்தது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

இன்னொன்றும் அறிந்தேன். அதில் சில பெட்டிகளுக்குள் என்ன இருக்கும் என்பது முன்கூட்டி முடிவு செய்யப்படுவதில்லை. உடைக்கும் வேளையில் ஆட்டக்காரருக்கு எது குறைவோ அதுவே கிடைக்கும். மருந்து குறைந்தால் மருந்து, தோட்டா குறைந்தால் தோட்டா. அதாவது அந்தப் பெட்டியை எவரும் நிரப்பவில்லை. எவரும் தூக்கி வரவும் இல்லை.

பொங்கல் விடுமுறையில் இந்த விளையாட்டின் படக்காட்சி ஒன்றைக் கைப்பேசியில் அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர், "இந்தப் பொட்டியெல்லாம் யாரோடதுப்பா?" என்று கேட்டார். யாருடையதும் இல்லை என்றேன். "யாரோடதும் இல்லாத பொட்டி எங்கயாச்சும் இருக்கா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

விளையாட்டில் இதெல்லாம் பார்க்க முடியுமா என்று கேட்பீர்கள். பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1993-இல் நின்டெண்டோ வெளியிட்ட 'செல்டா: லிங்க்ஸ் அவேக்கனிங்' விளையாட்டில் கடையில் பொருளைத் திருடிக்கொண்டு வெளியேற முடியும். ஆனால் அதன்பின் ஊரார் எல்லோரும் உங்களைத் 'திருடன்' என்றே அழைப்பார்கள். மறுபடி அந்தக் கடைக்குள் போனால் கடைக்காரர் கையால் சாவு. ஒரு சிறு கையடக்கக் கருவியில், கறுப்பு வெள்ளைத் திரையில், இதைச் செய்துவிட்டார்கள்! பன்னிரண்டு முக்கோணங்களுக்கு மேல் எத்தனையோ வரையும் இன்றைய கருவிகளில் ஒரு பெட்டிக்கு உரிமையாளர் ஒருவரை வைப்பது கடினமா? உடைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உடைத்தால் ஒருவர் வந்து கேட்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

சொன்னால் மட்டும் போதாது என்று, கணிப்பொறி அறிவியல் படிக்கும் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஒரு சின்ன விளையாட்டை எழுதி வருகிறேன். ஒரு சந்தை, பத்துப் பெட்டிகள், கணக்குப் புத்தகத்தோடு ஒரு மண்டிக்காரர், இப்போதைக்கு அவ்வளவுதான். மண்டிக்காரரின் மீசை இன்னும் சரியாக வரவில்லை. சென்ற வாரம், அன்று "உடைடா" என்று கூவிய நண்பரையே அழைத்து ஆடச் சொன்னேன். வந்த வேகத்தில் ஒன்பது பெட்டிகளை நொறுக்கினார். உள்ளே தக்காளியைத் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு மண்டிக்காரரிடம் போனார். திரையில் கணக்குப் புத்தகம் விரிந்து, ஒன்பது பெட்டிக்கான தொகை அவர் கூலியிலிருந்து கழிந்தது.

"என்னடா இது, என்கிட்டயே காசு பிடிக்கிறே!" என்று கோபித்துக்கொண்டு எழுந்தார். கதவு வரை போனவர் திரும்பி வந்து, "பத்தாவது பெட்டியில என்னடா இருக்கு?" என்றார்.