முதல் பெயரும் எட்டாவது பெயரும்

2004-இல் அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர் டிராஃப்டில், அதாவது கால்பந்து அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதலில் அழைக்கப்பட்டவர் ஃபிரெடி அடூ. வயது 14. அடுத்த பெலே என்று ஊரே கொண்டாடியது. தேசிய அணிக்காக அவர் ஆடியதோ 17 ஆட்டங்கள்தான்.

அதே நாளில் எட்டாவதாகத் தேர்வானவர் கிளின்ட் டெம்ப்சி. 2006, 2010, 2014 என மூன்று உலகக் கோப்பைகளிலும் கோல் அடித்தார். மொத்தம் 57 சர்வதேச கோல்கள், இன்னொரு அமெரிக்க ஆட்டக்காரர் லாண்டன் டோனவனின் எண்ணிக்கைக்குச் சமம்.

2022 உலகக் கோப்பையில் அமெரிக்க கோல்கீப்பரான மேட் டர்னரையோ டிராஃப்டில் எந்த அணியும் சீண்டவே இல்லை!

ஆகவே, யார் தேசிய அணிக்குப் போவார் என்று ஜோசியம் சொல்பவர்கள் தேர்வு வரிசையை மூடிவைத்துவிட்டு, முதல் சீசனில் பயிற்சியாளர் அந்தப் பையனை எத்தனை நிமிடம் களத்தில் விடுகிறார் என்று பார்க்கட்டும். அதிலும் இப்போது கணிப்பு கடினம். திறமைசாலிகள் பலர் கிளப் அகாடமிகளிலிருந்து நேராக அணிக்குள் வந்துவிடுகிறார்கள். டிராஃப்டுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் கல்லூரி ஆட்டக்காரர்களே.