வெள்ளையா இருந்தாதான் ராஜபாளையமா?

சிவாவா நாய்க்குக் கிட்டத்தட்ட எந்த நிறமும் ஓகே. முடி குட்டையோ நீளமோ, அதுவும் ஓகே. கடையத்திலிருந்து தென்காசி தாண்டி ராஜபாளையம் போனால் கதையே வேற. 2005-ல் தபால்தலையில் இடம்பிடித்த ராஜபாளையம் நாய்க்குப் பால்வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்கும் இருந்தால்தான் மவுசு.

ஆனால் புள்ளி, பழுப்புக் குட்டிகளும் அதற்குப் பிறக்கும். முன்பெல்லாம் அவற்றைக் கழித்துவிட்டார்கள். விளைவு? இந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் அதிகம். நாய்களில் இப்படி வெள்ளையாக்கும் மரபணுக்கள் பல நேரம் உள்காதின் நிறமி செல்களையும் தடுத்துவிடும்; அவை இல்லாவிட்டால் சில வாரங்களிலேயே செவித்திறன் போய்விடும்.

நிறத்துக்குக் கொடுக்கும் மார்க்கை கென்னல் கிளப்கள் காதுக்குக் கொடுக்கலாமே! குட்டி வாங்கப் போறீங்களா? மூக்கைப் பார்ப்பதற்கு முன், அதன் முதுகுப்பக்கம் நின்று கைதட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் சிக்காது, அதற்கு டாக்டர்தான்.